ஆவணப்படத்துக்குப் பணம்: எந்த வாசலை முதலில் தட்டுவது?

ஆவணப்படம் எடுக்கக் கிளம்பும் இளைஞர்கள் முதலில் கேட்பது, "நிதி எங்கே கிடைக்கும்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்தப் படத்தை முதலில் பார்க்கவேண்டியவர் யார்? தூத்துக்குடி உப்பளத் தொழிலாளியா, கோட்டையில் கோப்பு பார்க்கும் அதிகாரியா, ஆம்ஸ்டர்டாமில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் பார்வையாளரா? மூவரும் பார்க்கட்டும், நல்லதுதான். ஆனால் முதலில் யார் என்பதைப் பொறுத்துப் படத்தின் நீளம் மாறும், மொழி மாறும், எதை விளக்கவேண்டும் எதை விட்டுவிடலாம் என்பது மாறும், எப்போது முடிக்கவேண்டும் என்பதும் மாறும். பணம் தருகிறவர்கள் இவற்றையெல்லாம் பணத்தோடு சேர்த்தே கொண்டுவருகிறார்கள். பொருந்தாத பணத்தை வாங்கிவிட்டு, பாதியில் படத்தை அதற்கேற்ப வளைத்துச் சிதைத்த நல்ல இயக்குநர்கள் இருக்கிறார்கள். அந்த நிலை இன்னொருவருக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, தமிழில், முதல் படமோ இரண்டாவது படமோ எடுக்கும் ஒருவரை மனதில் வைத்தே எல்லா வழிகளையும் எடைபோடுகிறேன்.

வெளிநாட்டு நிதி

ஆம்ஸ்டர்டாமில் 1988 முதல் நடந்துவரும் இட்ஃபா ஆவணப்பட விழாவைச் சேர்ந்தது இட்ஃபா பெர்த்தா நிதி. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா போன்ற பகுதிகளின் இயக்குநர்களுக்காகவே 1998இல் தொடங்கப்பட்டது. அப்போது யான் ஃப்ரைமன் நிதி என்று பெயர். அமெரிக்காவில் சன்டான்ஸ் நிறுவனத்தின் ஆவணப்பட நிதி இருக்கிறது. தென்கொரியாவில் பூசான் திரைப்பட விழா ஆசிய ஆவணப்படங்களுக்கென்று தனியாக நிதி தருகிறது. இவை கடன் அல்ல. படத்தின் உரிமையும் பெரும்பாலும் உங்களிடமே இருக்கும்.

இந்த நிதிகளின் உண்மையான மதிப்பு தொகையில் இல்லை, அவை வாங்கித் தரும் காலத்தில் இருக்கிறது. ஒரே குடும்பத்தை, ஒரே தெருவை மூன்று நான்கு ஆண்டு பின்தொடர்ந்து, கதை தானாக எங்கே போகிறதோ அங்கே போகிற படத்துக்கு உள்ளூரில் காத்திருக்கும் பணம் அநேகமாக இல்லை. கடந்த சில ஆண்டுகளில் சன்டான்ஸ், கான் விழாக்களிலும் ஆஸ்கர் பட்டியலிலும் இந்திய ஆவணப்படங்கள் அடுத்தடுத்து இடம்பெற்றன. அவற்றில் பெரும்பாலானவை அந்த மாதிரி நீண்டகாலப் படங்கள்தான்.

விலையும் உண்டு. ஒரு நிதி ஒரு படத்தை முழுதாகத் தாங்காது. ஆராய்ச்சிக்கு ஒன்று, படப்பிடிப்புக்கு ஒன்று, தொகுப்புக்கு ஒன்று என்று துண்டு துண்டாகச் சேர்க்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் கதைச்சுருக்கம், ட்ரீட்மென்ட் (படம் எப்படிப் போகும் என்று விரிவாக எழுதுவது), இயக்குநர் குறிப்பு, பட்ஜெட், மீதிப் பணம் எங்கிருந்து வரும் என்ற திட்டம், மாதிரிக் காட்சிகள் எல்லாம் ஆங்கிலத்தில் கேட்பார்கள். உலகம் முழுவதிலிருந்தும் விண்ணப்பங்கள் குவிவதால் முதல் முறையே கிடைத்துவிடும் என்று யாரும் கணக்குப் போடக்கூடாது. ட்ரீட்மென்ட்டை முதலில் தமிழில் எழுதி முடித்துவிட்டு, பிறகு ஆங்கிலம் நன்றாக எழுதும் ஒருவரிடம் கொடுப்பது நல்லது. நேரடியாக ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறுகிறவர்கள், கதையில் வரும் மனிதர்களை விட்டுவிட்டு 'விளிம்புநிலை', 'அடையாளம்' போன்ற பொதுச் சொற்களில் ஒதுங்கிவிடுகிறார்கள். தேர்வுக்குழுவுக்கு அந்தச் சொற்கள் தினமும் வருகின்றன. அவர்கள் தேடுவது அந்த மனிதரை.

மாதிரிக் காட்சிகளும் அப்படித்தான். ட்ரோன் காட்சி, மெல்லிய இசை, மூன்று விநாடிக்கொரு வெட்டு என்று ஒரு விளம்பர டீசரை அனுப்பாதீர்கள். ஒரு பெண் வேலைக்குக் கிளம்பி, மேஸ்திரியோடு கூலிக்குப் பேரம் பேசி, தோற்றோ ஜெயித்தோ திரும்புவது வரை அதிகம் வெட்டாமல் இரண்டு முழுக் காட்சிகளை அனுப்புங்கள். நீங்கள் எங்கே நின்று படம்பிடிக்கிறீர்கள், அவர்கள் உங்களை எவ்வளவு நம்புகிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும்.

அடுத்து சட்டம். இதைச் சொல்லாமல் வெளிநாட்டு நிதியைப் பற்றி ஆசைகாட்டுவது தவறு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்.சி.ஆர்.ஏ., 2010, தொண்டு நிறுவனங்களுக்கு மட்டுமானது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கலாச்சார, கல்வி, சமூக நோக்கத்துக்காக வெளிநாட்டிலிருந்து நன்கொடையாக வரும் பணம் அதன் வரம்புக்குள் வரக்கூடும். 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, பதிவு பெற்ற ஒரு நிறுவனம் தான் வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. எனவே தெரிந்த தொண்டு நிறுவனத்தின் கணக்கில் வாங்கிக்கொண்டு நம் படத்துக்குத் தரச் சொல்லலாம் என்ற யோசனையை மறந்துவிடுங்கள். செய்தி, நடப்பு நிகழ்வுகள் சார்ந்த ஒளி, ஒலி நிகழ்ச்சிகளைத் தயாரிக்கும் நிறுவனங்கள் வெளிநாட்டு நன்கொடை வாங்கவே சட்டத்தில் தடை உண்டு.

பலர் போகும் வழி இது: வெளிநாட்டில் உள்ள இணைத் தயாரிப்பாளர் நிதியைப் பெறுகிறார். அவர் உங்கள் நிறுவனத்தோடு தயாரிப்பு ஒப்பந்தம் போட்டு, செய்யும் வேலைக்கு பில் வாங்கிக்கொண்டு பணம் அனுப்புகிறார். வழக்கமான தொழிலில் பொருளுக்கும் சேவைக்கும் வரும் கட்டணத்தைச் சட்டம் நன்கொடையாகக் கருதுவதில்லை. ஆனால் அந்த இணைத் தயாரிப்பாளர் படத்தின் உரிமையில் பங்கு கேட்பார், அது நியாயமும்கூட. விண்ணப்பம் எழுதும் முன்பே இந்தச் சட்டம் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பணம் வந்து வங்கியில் நின்ற பிறகு பேசிப் பயனில்லை.

கொல்கத்தாவும் கோவாவும்

ஆம்ஸ்டர்டாமுக்குப் போகும் முன் கொல்கத்தாவுக்குப் போகலாம். அங்கே நடக்கும் டாக்எட்ஜ் கொல்கத்தா, ஆசிய ஆவணப்படங்களுக்கான பிட்ச் அரங்கு, அதாவது கதையைச் சொல்லி நிதி கேட்கும் இடம். சர்வதேசத் தொலைக்காட்சிகளிலிருந்தும் விழாக்களிலிருந்தும் படம் வாங்குகிறவர்கள், நிதி தருகிறவர்கள் வந்து உட்காருவார்கள். அதற்கு முன்னால் வழிகாட்டிகள் சில நாட்கள் உங்கள் கதையைப் பிரித்துப்போட்டுத் திரும்பக் கட்டவைப்பார்கள். எனக்கு அந்தப் பயிற்சிதான் முக்கியமாகப் படுகிறது. பணம் கிடைக்காமல் திரும்பினாலும், என்ன படம் எடுக்கிறோம் என்று சில நிமிடங்களில் சொல்லத் தெரிந்து திரும்புவீர்கள். சென்னையிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் ஏறினால் மறுநாள் அங்கே இருக்கலாம். விசாவும் வேண்டாம்.

கோவாவில் 2007 முதல் என்.எஃப்.டி.சி., அதாவது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம், நடத்தும் ஃபிலிம் பஜார் (2025 முதல் வேவ்ஸ் ஃபிலிம் பஜார்) வேறு வகை. அது சந்தை. கதைப்படங்களின் கூட்டம் அதிகம், ஆவணப்படங்களுக்கான இணைத் தயாரிப்புப் பிரிவு பிறகு சேர்ந்தது. கையில் ரஃப் கட்டோ (முதற்கட்டத் தொகுப்பு) வலுவான காட்சிகளோ இல்லாமல் போனால் விசிட்டிங் கார்டுகளோடு திரும்பவேண்டியதுதான். முதல் படக்காரர்கள் கோவாவை ஓராண்டு தள்ளிவைக்கலாம்.

உள்நாட்டு நிறுவனங்கள்

பெங்களூரில் உள்ள இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1993இல் தொடங்கப்பட்டது. கலைகள் குறித்த ஆராய்ச்சிக்கும் படைப்புக்கும் நிதி தருகிறது. தமிழ் இயக்குநர்கள் இதைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம். அங்கே ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் என்று கிடையாது, இந்திய மொழி எதிலும் விண்ணப்பிக்கலாம். கூத்து, இசை, கைவினை, பழைய திரையரங்குகள், புகைப்பட ஸ்டூடியோக்கள் என்று கலை சார்ந்த பொருள் உங்கள் கையில் இருந்தால் வேறெங்கும் போகும் முன் இங்கே போங்கள். சாயப்பட்டறைக் கழிவு பற்றிய படம் என்றால் இது உங்களுக்கான இடம் அல்ல.

டெல்லியின் பி.எஸ்.பி.டி. (பப்ளிக் சர்வீஸ் பிராட்காஸ்டிங் டிரஸ்ட்) 2000இல் தொடங்கி, தூர்தர்ஷனோடு சேர்ந்து நூற்றுக்கணக்கான சுதந்திர ஆவணப்படங்களுக்குப் பணம் தந்தது. இந்தியாவில் ஒரு தலைமுறை இயக்குநர்கள் அதில்தான் பழகினார்கள். ஆண்டுதோறும் அழைப்பு வரும் என்று நம்பி இன்று திட்டம் போட முடியாது, வந்தால் விடக்கூடாது. 1948இல் பிறந்த அரசு ஆவணப்பட நிறுவனமான ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022இல் என்.எஃப்.டி.சி.யோடு இணைக்கப்பட்டுவிட்டது. அரசுப் பணத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு, படம் முடியும். தவணை, தேதி, ஒப்புதல் எல்லாம் எழுத்தில் இருக்கும். ஆனால் அரசை நேராகக் கேள்வி கேட்கும் படத்துக்கு இந்தப் பக்கம் கதவு குறுகல் என்பதையும் தெரிந்துகொண்டே போகவேண்டும்.

தொண்டு நிறுவனப் படங்கள், ஓடிடி

தொண்டு நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்கும் படம் எடுத்துக் கொடுப்பது பிழைப்புக்கு நல்லது, பயிற்சிக்கும் நல்லது. அதை உங்கள் படம் என்று எண்ணிக்கொள்ளாமல் இருந்தால் மனக்கசப்பு வராது. ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள்: படத்தில் சேராத காட்சிகளைப் பிற்காலத்தில் நீங்கள் பயன்படுத்தலாம் என்ற வரி. பின்னாளில் உங்கள் சொந்தப் படம் அந்தக் காட்சிகளிலிருந்து முளைக்கக்கூடும்.

முதுமலை யானைப் பாகர் தம்பதியைப் பற்றிய 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' 2023இல் ஆஸ்கர் வென்ற பிறகு, ஓடிடிதான் வழி என்ற பேச்சு கிளம்பியது. அந்தப் படத்துக்கும் நெட்ஃபிளிக்ஸுக்கும் நடுவே அனுபவமுள்ள ஒரு மும்பைத் தயாரிப்பு நிறுவனம் இருந்தது. பெரிய தளங்களிடம் தனி இயக்குநர் நேராகப் போய் முதல் படத்துக்குப் பணம் பெறுவது மிக அரிது. படம் முடிந்த பிறகு விற்க முயலுங்கள். கேரள அரசின் சி ஸ்பேஸ், பிரசார் பாரதியின் வேவ்ஸ் என்று 2024இல் பொதுத்துறைத் தளங்களும் வந்திருக்கின்றன. அவை உங்கள் படம் போய்ச்சேரும் இடங்களாக இருக்கலாம், தொடங்கும் இடங்களாக அல்ல.

மக்கள் பணம்

இந்த வழியைப் பற்றிப் பேசும்போது கேரள இயக்குநர் ஜான் ஆபிரகாமை விட்டுவிட முடியாது. 'அக்ரஹாரத்தில் கழுதை'யைத் தமிழில் எடுத்த அவர், 1984இல் நண்பர்களோடு ஒடேசா என்ற அமைப்பைத் தொடங்கி, ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டி, சிறு சிறு தொகையாகத் திரட்டி, 'அம்ம அறியான்' படத்தை 1986இல் முடித்தார். அது கதைப்படம்தான். ஆனால் பார்க்கப்போகிறவர்களே முன்கூட்டிப் பணம் தந்து படம் எடுக்கவைத்த அந்த முறை, ஆவணப்படத்துக்குத்தான் இன்னும் பொருத்தம்.

தமிழ்நாட்டில் அதற்கான தளம் ஏற்கெனவே இருக்கிறது. ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி.யின் மறுபக்கம் அமைப்பு மதுரையில் 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடத்திவருகிறது. சென்னையில் தமிழ் ஸ்டுடியோ திரையிடல்களோடு படத்தொகுப்பாளர் பி. லெனின் பெயரில் விருதும் தருகிறது. தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) கிளைகள், கல்லூரித் தமிழ்த் துறைகள், காட்சித் தொடர்பியல் துறைகள், தொழிற்சங்க அலுவலகங்கள் எல்லாம் புரொஜெக்டரும் ஒரு வெள்ளைச் சுவரும் இருந்தால் திரையரங்குகள்தான்.

ஆயிரம் ரூபாய் வீதம் முந்நூறு பேர் தந்தால் மூன்று லட்சம். சொந்தக் கேமரா, இரண்டு மூன்று பேர் கொண்ட குழு, டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பில் தொகுப்பு, ஒலிக்கலவைக்கும் சப்டைட்டிலுக்கும் மட்டும் வெளியே செலவு என்று இறுக்கிப்பிடித்தால், ஒரே மாவட்டத்துக்குள் நடக்கும் நாற்பது நிமிடப் படத்தை அந்தத் தொகைக்குள் முடிக்கலாம். உங்கள் உழைப்புக்குக் கூலி அதில் இருக்காது. அதனால்தான் இந்த வழி ஒரு படத்துக்குத் தாங்கும், அடுத்தடுத்து மூன்று படங்களுக்குத் தாங்காது.

பணம் தந்த ஒவ்வொருவருக்கும் வரவு செலவுக் கணக்கு போகவேண்டும், படம் தாமதமானாலும் போகவேண்டும். கணக்கு காட்டாத ஒருவர், தனக்குப் பின்னால் வரும் பத்து இயக்குநர்களின் கதவையும் சேர்த்தே அடைத்துவிடுகிறார். இன்னொன்றும் கவனிக்கவேண்டும். கனடாவிலும் லண்டனிலும் உள்ள நம் ஆட்கள் மனமுவந்து தருவார்கள். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே தமிழர் கனடியக் குடியுரிமை பெற்றிருந்தால், அவர் சட்டப்படி வெளிநாட்டவர்; எஃப்.சி.ஆர்.ஏ. கேள்வி உடனே வந்துவிடும். எனவே பணம் வாங்கும் முன் குடியுரிமையைக் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தாலும் கேட்டே ஆகவேண்டும்.

மக்கள் பணத்தில் எடுத்த படத்துக்கு எந்த நிதி நிறுவனத்திடமும் ஒப்புதல் வாங்கவேண்டியதில்லை. படம் பிடிக்கப்பட்டவர்களும் பணம் தந்தவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்க முடியும். அந்த அறையில் எழும் கேள்விகளை வேறெந்த விழாவிலும் நான் கேட்டதில்லை. "என் வீட்டைக் காட்டினாயே, என் மகள் பேசியதை ஏன் வெட்டினாய்?" என்று ஒரு தாய் கேட்கும்போது, படத்தொகுப்பைப் பற்றி ஆண்டுக்கணக்கில் கற்றது ஆட்டம் காணும்.

சென்சார், விழா, யூடியூப்

எந்தப் பணத்தில் எடுத்தாலும், 1952ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்று வேண்டும். விழாக்களுக்கு ஒன்றிய அமைச்சகம் விலக்கு தரும். ஆனால் அதை மறுக்கவும் செய்யும். திருவனந்தபுரத்தில் கேரள சலச்சித்ர அகாதமி 2008 முதல் நடத்தும் ஆவணப்பட, குறும்பட விழாவில், 2017இல் மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. தணிக்கைக் குழுவின் முடிவை எதிர்த்துப் போக இருந்த தீர்ப்பாயமும் 2021இல் கலைக்கப்பட்டுவிட்டது. இப்போது உயர் நீதிமன்றம்தான் போகவேண்டும். தேசிய விருதுக்கு அனுப்ப நினைத்தால் சான்று கட்டாயம். ஓடிடிக்கும் யூடியூபுக்கும் அந்தச் சான்று தேவையில்லை.

மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' 2017இல் அரங்கத் திரையிடல்களில் தடைகளைச் சந்தித்தபோது, யூடியூபில் வெளியானது. எவரெவர் பார்க்கவேண்டுமோ அவரவர் கைப்பேசிக்கு அந்தப் படம் போய்ச் சேர்ந்தது. அந்தப் படத்துக்கு அது சரியான முடிவு என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். உங்கள் படத்துக்கும் அதுவே சரியா என்பதை யோசித்துச் செய்யுங்கள். இணையத்தில் முழுதாக வெளியான படத்தைப் பெரிய விழாக்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. வெளியிடும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஆம்ஸ்டர்டாம் போன்ற விழாக்களின் கதவுகள் அநேகமாக மூடிவிடும்.

முதலில் படம் அனுப்பவேண்டிய விழாக்கள் நம் தெற்காசியாவில்தான் இருக்கின்றன. திருவனந்தபுரம், 1990 முதல் நடக்கும் மும்பை சர்வதேச ஆவணப்பட விழா, 1997இல் காத்மாண்டுவில் தொடங்கிய ஃபிலிம் சவுத் ஏசியா, 2015 முதல் யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா. காத்மாண்டுவில் பாகிஸ்தான், வங்கதேச, இலங்கை இயக்குநர்களோடு ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்து பேசக் கிடைக்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் அமையாது. ஜப்பானின் யமகாட்டா விழா 1989 முதல் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. ஆசியப் படங்களுக்கு அங்கே தனி மரியாதை உண்டு. விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவும் ஃபிலிம்ஃப்ரீவே இணையதளத்தில் நுழைந்தால் நூற்றுக்கணக்கான விழாக்கள் கட்டணம் கேட்டு நிற்கும். அரங்கு எது, சென்ற ஆண்டு எந்தப் படங்கள் திரையிடப்பட்டன, நடுவர் யார் என்ற மூன்றுக்கும் பதில் கிடைக்காத விழாவுக்கு ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். அந்தப் பணத்தில் இன்னும் ஒரு வாரம் படம்பிடிக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஊரில் ஒரு போராட்டம் நடந்துகொண்டிருக்கிறது, ஆறு மாதத்தில் முடிவு தெரிந்துவிடும் என்றால் எந்த நிதிக்கும் காத்திருக்காதீர்கள். மக்களிடம் போங்கள், எடுங்கள், அங்கேயே காட்டுங்கள். விண்ணப்பத்துக்குப் பதில் வரும் முன்பே அந்தப் படத்தின் தேவை முடிந்துபோகலாம்.

கலை, கலைஞர், ஆவணக்காப்பகம் சார்ந்த பொருள் என்றால் பெங்களூருக்குத் தமிழிலேயே எழுதுங்கள்.

நீண்டகாலம் ஒருவரைத் தொடரும் படம் என்றால் வெளிநாட்டு நிதிதான். ஆனால் முதல் படப்பிடிப்பை அந்த நிதியை நம்பித் தொடங்காதீர்கள். முதலாண்டுக் காட்சிகளைச் சொந்தப் பணத்திலோ நண்பர்கள் தரும் சிறு தொகையிலோ எடுத்துவிடுங்கள், பிழைப்புக்குத் தொண்டு நிறுவனப் படங்களைச் செய்யுங்கள். அந்தக் காட்சிகளோடு கொல்கத்தா போங்கள். அங்கே கதை தெளிந்த பிறகு இணைத் தயாரிப்பாளரைத் தேடுங்கள், ஆடிட்டரைப் பார்த்துவிட்டு ஆம்ஸ்டர்டாமுக்கும் பூசானுக்கும் விண்ணப்பியுங்கள். எந்த ஒப்பந்தத்திலும் தமிழ்ப் பதிப்பின் உரிமையையும், தமிழ்நாட்டில் கட்டணமின்றித் திரையிடும் உரிமையையும் உங்கள் பெயரில் எழுதி வாங்கிவிடுங்கள். வெளிநாட்டுத் தொலைக்காட்சிகள் அதை விட்டுத்தரப் பெரிதாகத் தயங்குவதில்லை. யாரும் கேட்காததால்தான் அந்த வரி ஒப்பந்தங்களில் இல்லாமல் போகிறது.